அப்பாவின் முறை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்.
15.6.2025, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு ஐரின் எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? தோளில் தோல் உரிந்துவிட்டது என்று போனில் சொன்னாயே, ஆறிவிட்டதா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைக்கிற பத்து நிமிடமும் பெரியப்பா வீட்டில் ஸ்பீக்கரில் கழிகிறது. பெரியப்பா ஆறு நிமிடம் பேசுகிறார். அம்மா மூன்று நிமிடம் அழுகிறார். எனக்கு, "நல்லா படி" என்று நீ சொல்வதைக் கேட்கத்தான் நேரம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. "அவன் பட்டாளத்துக்குப் புதுசு. வீட்டுக் கவலை எதையும் அவன் காதுல போட்டுறாத" என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிலை நம் வீட்டுக்குப் போடாதே. என்னோடு படிக்கும் ஷாஹினா வீட்டுக்குப் போடு. பேகம்பூர் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் பிரிக்க மாட்டாள்.

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. கல்லறை இன்னும் மண்மேடுதான். மரச்சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நேற்று நானும் ஷாஹினாவும் போய் நிமிர்த்திவிட்டு வந்தோம். முதலாண்டு நினைவு நாளில் கல் வைத்துவிட வேண்டும் என்கிறார் ஸ்தனிஸ்லாஸ் பெரியப்பா. அதற்கு முன்னோட்டமாகத் தன் ஃபிளெக்ஸ் கடையில் ஒரு படமும் அடித்துவிட்டார். யாரோ ஒரு கமாண்டோவின் உடம்பில் அப்பாவின் தலையை ஒட்டியிருக்கிறார். கையில் பெரிய துப்பாக்கி. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மூக்கு மட்டும் அவுக மூக்கு" என்றார். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா. நீ கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் வேண்டாம், அடுத்ததில் எழுதுகிறேன்.

ராத்திரி போர்த்திக்கொண்டு படு.

உன் தங்கை,
ஐரின்


பெங்களூரு.
6.7.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். தோள் ஆறிவிட்டது. இப்போது முழங்கால்.

உண்மையைச் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. இங்கே இருக்க முடியும் என்று முதல் மாதம் எனக்குத் தோன்றவே இல்லை. காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கிற ஓட்டம். யாரோ ஒருவன் செய்த தப்புக்கு எல்லோருக்கும் தண்டனை. என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரன் ஒருநாள் ராத்திரி சுவரேறிக் குதித்துப் போய்விட்டான். காலையில் அவனுடைய மடித்த போர்வை மட்டும் கிடந்தது. அன்றிலிருந்து அந்தச் சுவர் எனக்குக் கனவில் வருகிறது.

அப்போதெல்லாம் அப்பாவை நினைத்துக்கொள்வேன். போன வாரம் எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், யார் வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தார் என்று கேட்டார். கை தூக்கினேன். எழுந்து சொல்லச் சொன்னார். தெரிந்த இந்தியில் சொன்னேன். கார்கில் சண்டை. வண்டி ஏறாத மலை. மேலே இருக்கிறவர்களுக்குக் குண்டுப்பெட்டி கொண்டுபோவது கச்சர்கள்தான். கச்சர் என்றால் கோவேறு கழுதை என்று நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஒருவனும் சிரிக்கவில்லை. அப்பாவின் முறை வந்த இரவு, மைனா முதுகில் இரண்டு பெட்டியை ஏற்றி, விளக்கு இல்லாமல் ஏழு மணி நேரம் ஏறியதைச் சொன்னேன். பெட்டியைச் சேர்த்துவிட்டு இறங்கும்போது குண்டு விழுந்து மைனா பள்ளத்தில் போனது, கயிறு கையை விட்டு நழுவியதால் அப்பா பிழைத்தது எல்லாம் சொன்னேன். உஸ்தாத் என் முதுகில் தட்டினார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆண்டனிராஜ் மாமா, "மாப்ள பட்டாளத்துல துப்பாக்கியா பிடிச்சாரு? கழுதைல்ல மேச்சாரு" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு முதல் தடவையாக இதைச் சொன்னார். எனக்குப் பன்னிரண்டு வயது. பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

என்னவோ சொல்ல வேண்டும் என்றாயே, என்ன? யாராவது வம்பு செய்கிறார்களா? பயப்படாமல் எழுது.

அண்ணன்,
ரொனால்டு


மேட்டுப்பட்டி.
20.7.2025, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். முழங்காலுக்கு என்ன மருந்து போடுகிறாய்? அம்மாவுக்குப் பல்வலி வந்து போய்விட்டது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என்னிடம் யாரும் வம்பு செய்யவில்லை. நான் சொல்ல நினைத்தது பெரிய விஷயம் இல்லை. பள்ளிக்கூட விஷயம். அது சரியாகிவிட்டது.

இந்த மாதம்தான் அப்பா தொப்பம்பட்டிக்குப் போவார். அங்கே ஜோதிமணி அத்தை வீட்டுக்குக் கூரை ஓடு மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பை முருங்கைக்காயோடு கடைசி பஸ்ஸில் வருவார். அப்பாவோடு இருந்து அந்தச் சண்டையில் செத்துப்போன அழகர்சாமி மாமாவின் மனைவி அவர். இந்த வருடம் யாரும் போகவில்லை. நான் போகிறேன் என்றேன். "பொம்பளப் புள்ள தனியாவா?" என்று அம்மா விடவில்லை.

கல்லில் வெட்டுவதற்குப் பெரியப்பா ஒரு வாசகம் எழுதியிருக்கிறார். பதினொரு வரி. நீ உஸ்தாத்திடம் சொன்ன கதைதான். அண்ணா, கல்லில் அப்பா பேரும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் போதும் என்று நீ சொன்னால் பெரியப்பா கேட்பார். நான் சொன்னால், "ஒனக்கென்ன தெரியும், போத்தா" என்பார். அப்பாவுக்கு ஆடம்பரம் பிடிக்காது. நீயே சொல்லேன். அடுத்த ஞாயிறு போனில் அதை மட்டும் சொல்லேன்.

உன் தங்கை,
ஐரின்


பெங்களூரு.
17.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீங்கள் சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பத்து நாள் காட்டில் கூடாரம் போட்டிருந்தோம்.

நீ சொன்னபடி நான் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வெறும் பேரும் தேதியும் யாருக்கும்தான் போடுகிறார்கள். அப்பா ஓய்வு பெற்று வந்து வேடசந்தூர் மில் கேட்டில் பதிமூன்று வருடம் நின்றார். மில் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு அவர் வெறும் வாட்ச்மேன். எந்த வாட்ச்மேனுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அவன் முறைக்கு அப்பாதான் நிற்பார். தன் முறையை மட்டும் ஒருநாளும் யாருக்கும் விட்டது கிடையாது. காய்ச்சலோடு போய் நின்றதை நீயே பார்த்திருக்கிறாய். அப்படிப்பட்ட மனுஷன் என்ன செய்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

ஒன்று செய்தேன். ஜோதிமணி அத்தையை விழாவுக்கு அழைக்கும்படி பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர்தான் கல்லைத் திறந்து வைக்க வேண்டும். கூட இருந்தவரின் மனைவி திறப்பதுதான் அப்பாவுக்கு மரியாதை. பெரியப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். அன்றைக்கு நீ அப்பாவைப் பற்றி வாசிக்க வேண்டுமாம்.

டிசம்பரில் பயிற்சி முடிகிறது. சீருடையில் வந்து அப்பாவுக்கு ஒரு சல்யூட் அடிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன்.

அண்ணன்,
ரொனால்டு


மேட்டுப்பட்டி.
3.9.2025, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கிறேன். நான் சுகமாக இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மூன்று ராத்திரியும் நான்தான் கூட இருந்தேன். இரண்டாம் ராத்திரி, "ஐரினு, முழிச்சிருக்கியா?" என்று கேட்டார். எழுந்து உட்கார்ந்தேன். மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு நான் போகலைத்தா. போக வேண்டியது நான். போனது அழகரு."

எனக்கு முதலில் புரியவில்லை. காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"முந்துன நாள் போனதுல ரெண்டு பேரு திரும்பலை. எனக்குப் பயம். சாயங்காலம் லாயத்துல ஆள் இல்லாதப்ப எங் கச்சரு சுந்தரியோட முன்னங்காலத் தூக்கி, லாடத்துல இருந்து ரெண்டு ஆணியப் பிடுங்கிட்டேன். அது பேசாம காலக் குடுத்துக்கிட்டு நின்னுச்சு. செக்கிங்ல லாடம் ஆடுது, இது ஏறாதுன்னு ஒதுக்கிட்டாக. அடுத்த முறை அழகருக்கு. 'விடு தாஸு, இன்னைக்கு நான் போயிட்டு வாரேன், நாளைக்கு நீ போ'ன்னு தோள்ல தட்டிட்டு மைனாவப் பிடிச்சுக்கிட்டுப் போனான். மேல சேத்துட்டான்த்தா. எறங்கும்போதுதான் குண்டு விழுந்துச்சு."

மைனா அழகர்சாமி மாமாவின் கச்சர். நீ உஸ்தாத்திடம் சொன்னதெல்லாம் அவர் செய்தது.

"ஒங்க மாமன் அம்புட்டுப் பேருக்கு முன்னாடி கழுதை மேச்சவன்னு சொன்னான். வாயில வந்துருச்சு. ரொனால்டு என்னைய நிமிந்து பாத்தான் பாரு. அதுக்கப்புறம் அத எப்படித் திருப்பி எடுக்குறது?" என்றார். பிறகு, "அவனப் பட்டாளத்துல எடுத்துட்டா, கெளம்புறதுக்கு முன்னாடி நீ சொல்லிரு. அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. கல்லுல பேரும் தேதியும் போதும். பொய்யக் கல்லுல வெட்டிப்புடாதீக" என்றார். என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆணி ஒன்று மெடல் டப்பாவில் இருக்கிறது. இன்னொன்று லாயத்து வைக்கோலிலேயே விழுந்துவிட்டதாம்.

அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள் உன்னிடம் சொல்ல வந்தேன். அன்றைக்குத்தான் உன்னைப் பட்டாளத்தில் எடுத்துக்கொண்ட கடிதம் வந்தது. நீ அதை அப்பா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாய். நான் திரும்பிப் போய்விட்டேன். அதன் பிறகு தினமும் நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். ரயில் கிளம்பிவிட்டது.

இப்போது நீ அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே நிற்கிறாய். அதை நான் பிடுங்கினால் நீ சுவரேறிக் குதிப்பாய். பிடுங்காவிட்டால் ஜோதிமணி அத்தை தன் கையாலேயே அந்தக் கல்லைத் திறப்பார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை அண்ணா. அப்பா மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. இருபத்தைந்து வருடமாக மற்றவர்களுடைய முறைக்கெல்லாம் அவர் ஏன் போய் நின்றார் என்று இப்போது தெரிகிறது. அதைத்தான் கல்லில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

ஐரின்

(இதை அனுப்பவில்லை. கணக்கு நோட்டின் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.)


மேட்டுப்பட்டி.
4.9.2025, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. காலாண்டுத் தேர்வு வருகிறது. மழை இல்லை. மாதா கொடியேற்றம் நன்றாக நடந்தது. பெரியப்பா கல்லுக்குச் சொல்லிவிட்டார். நன்றாகச் சாப்பிடு.

ஐரின்


மேட்டுப்பட்டி.
12.10.2025

அன்புள்ள ஜோதிமணி அத்தைக்கு,

வணக்கம். திண்டுக்கல் ஞானதாஸ் மகள் ஐரின் எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஜனவரி பத்தாம் தேதி அப்பாவின் நினைவு நாளுக்கு உங்களை அழைத்து எங்கள் பெரியப்பா பத்திரிகை அனுப்பியிருப்பார். அத்தை, நீங்கள் அன்றைக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம். பொங்கல் நேரம், பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். வெயிலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கும். மைக் சத்தம் வேறு. உங்களுக்கு முடியாது. இன்னொரு நாள் நானே அங்கே வந்து உங்களைப் பார்க்கிறேன். உடம்பு சரியில்லை என்று பெரியப்பாவுக்கு ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

நான் எழுதியது யாருக்கும் தெரிய வேண்டாம். பதில் எழுதினால் கீழே உள்ள என் தோழியின் முகவரிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஐரின்


தொப்பம்பட்டி.
30.10.2025

கண்ணு ஐரினுக்கு ஜோதிமணி எழுதிக்கொண்டது. நான் சுகங்க. உங்க அம்மா சுகமா? நீ சரியாச் சாப்பிடறியா? எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எட்டாவதோடு நின்றவள்.

நான் வருவேன் கண்ணு. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் வருவேன். உங்கப்பா இருபத்தைந்து வருடம் ஒரு வருடம் தவறாமல் வந்தவர். ஓடு மாற்றினார், மோட்டார் ரிப்பேர் பார்த்தார், ஆட்டுக்குப் பட்டி அடைத்துக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சொம்பை நீட்டினால், "இருக்கட்டும்மா, பையில இருக்குது" என்பார். வெயிலில் நாக்கு வறண்டு நின்றாலும் குடிக்க மாட்டார். ஆரம்பத்தில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

மேடையில் என்னைப் பேசச் சொல்வார்களா? எனக்குப் பேச வராது. எங்க வீட்டுக்காரர் கடைசியாக எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அதை யாராவது படிக்கட்டும். உங்கப்பாவைப் பற்றியும் அதில் நாலு வரி இருக்கிறது. மிச்சமெல்லாம் மைனாவைப் பற்றித்தான். அது அவருடைய கச்சர். வெல்லம் கொடுத்தால்தான் நகருமாம். கொடுக்காவிட்டால் சட்டைப்பையை மோந்து மோந்து அதுவே எடுத்துக்கொள்ளுமாம். "உன்னைவிடப் பிடிவாதக்காரி" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சிரித்தேன். நான்காம் நாள் தந்தி வந்தது.

நீ எதற்கோ பயப்படுகிறாய் போலத் தெரிகிறது. பயப்படாதே சாமி. நன்றாகப் படி.

ஜோதிமணி


மேட்டுப்பட்டி.
16.11.2025, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. போனில் உன் குரல் கரகரவென்று இருந்தது. ஒரே ஒரு உதவி செய். காரணம் கேட்காதே.

கல்லிலும் நான் வாசிக்கப் போகிற தாளிலும் மைனா என்ற பேர் வர வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல். "ஒரு கச்சர்" என்று இருந்தால் போதும். கதை உன் இஷ்டப்படியே இருக்கட்டும். பேரை மட்டும் எடுத்துவிடச் சொல்.

நான் முயற்சி செய்தேன். நேற்று பெரியப்பா என்னைக் கல் வெட்டுகிற பட்டறைக்குக் கூட்டிப்போனார். கறுப்புக் கல்லில் வரிகளை வெள்ளையில் எழுதி வைத்திருந்தார்கள். வெட்ட ஆரம்பிக்கவில்லை. பெரியப்பா பட்டறைக்காரர் சங்கிலியோடு பேசிக்கொண்டிருந்தபோது தாவணி முனையால் அந்த இரண்டு எழுத்தையும் துடைத்துவிட்டேன். சங்கிலி பார்த்துவிட்டார். "ஏ பாப்பா, கை வைக்காத, ஈரம்" என்று சொல்லி, குனிந்து அதே இடத்தில் அழகாக மறுபடி எழுதினார். பெரியப்பா சிரித்தார். "அப்பன் கதைய தொட்டுத் தொட்டுப் பாக்குறா பாருய்யா. ஏத்தா, அன்னைக்கு சத்தமா வாசிக்கணும். பட்டாளத்தான் மக மாதிரி வாசிக்கணும்" என்றார். அதற்குள் உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மேலிருந்துதான் வெட்டுவார்களாம். அந்த வரி ஏழாவது. திங்கட்கிழமை மதியத்துக்குள் உளி அங்கே வந்துவிடும் என்றார் சங்கிலி. நீ எப்படியாவது அதற்குள் பேசினால் நன்றாக இருக்கும். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கவே நாலு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஐரின்


பெங்களூரு.
14.12.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். சத்தியப்பிரமாண அணிவகுப்பு நேற்று முடிந்தது. இனி நான் முழுப் பட்டாளத்துக்காரன். கச்சர் பிரிவைக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

நவம்பரில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ராத்திரி நான் அந்தச் சுவருக்கு அடியில் போய் நின்றேன். ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டியிருந்தேன். ஏறுவதற்குக் கைகூட வைத்துவிட்டேன். அப்பாவின் முறை வந்தபோது அவர் போனாரே என்று தோன்றியது. அவ்வளவுதான். திரும்பி வந்து படுத்துவிட்டேன். இதை உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

உன் கடிதம் கிடைத்தபோது கல் வெட்டி முடித்துவிட்டார்கள். நீ கேட்டது எனக்குப் புரியவில்லை. அந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்தது மைனாதான். வந்து பேசுவோம். இருபத்து மூன்றாம் தேதி கிளம்புகிறேன். கிறிஸ்துமஸ் நம் வீட்டில்.

அண்ணன்,
ரொனால்டு


முகாமிலிருந்து.
8.2.2026

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே பனி. அம்மா கொடுத்த முறுக்கு வந்த அன்றைக்கே தீர்ந்துவிட்டது. நீ சுகமா?

மூன்று வாரம் வீட்டில் இருந்தேன், நீ என்னோடு ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசவில்லை. மாடியில் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும்போது இரண்டு தடவை வந்து நின்றாய். "என்ன?" என்றால், "அம்மா கூப்பிடுறாங்க" என்று இறங்கிவிட்டாய். போகட்டும். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

கல்லறையில் வாசிக்கும்போது ஏழாவது வரியில் நின்றுவிட்டாயே. நான் சல்யூட்டில் நின்றதால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மைக்கில் உன் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் நீ அழுகிறாய் என்று நினைத்தார்கள். பெரியப்பா தாளை வாங்கி, மைனா பேரைச் சொல்லி, மிச்சத்தை உரக்க வாசித்து முடித்தார். கை தட்டினார்கள். எனக்கு நேர் எதிரில் ஜோதிமணி அத்தை நின்றிருந்தார். கையில் ஒரு பழைய கவர். அதை மடித்து மடித்துச் சின்னதாக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் கடிதத்தைப் படிக்கட்டுமா என்று பெரியப்பா கேட்டபோது, "வேண்டாமுங்க, கண்ணாடி கொண்டாரல" என்றார். கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கியது.

பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். அப்பா படத்துக்கு முன்னால் நின்று, ஒரு செம்புத் தண்ணீரையும் நிறுத்தாமல் குடித்தார். குடித்துவிட்டு, "போதுமுங்க தாஸண்ணா" என்றார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பழனி பஸ்ஸில் அத்தையை நான்தான் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, உங்க முறை வந்தா நீங்களே போயிருங்க. யாரையும் அனுப்பாதீங்க" என்றார். பஸ் நகர்ந்துவிட்டது. அது என்ன பேச்சு ஐரின்? அப்பா அப்படித்தானே போனார்? என்னிடம் அதை ஏன் சொல்ல வேண்டும்? ஒரு மாதமாக யோசிக்கிறேன். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. கிளம்பும்போது அப்பாவின் மெடல் டப்பாவில் ஒரு பழைய ஆணி கிடந்தது. தலை தேய்ந்து, கொஞ்சம் வளைந்திருக்கிறது. லாட ஆணி என்று இங்கே வந்தபிறகு தெரிந்துகொண்டேன். மைனாவின் ஆணியாகத்தான் இருக்கும். அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பயம் வரும்போது தொட்டுப் பார்க்கிறேன். அப்பா கூட இருக்கிற மாதிரி இருக்கிறது.

எனக்கு ஒரு கச்சர் கொடுத்திருக்கிறார்கள். வயது ஏழு. இன்னும் பேர் வைக்கவில்லை. மைனா என்று வைக்கட்டுமா?

அண்ணன்,
ரொனால்டு


மேட்டுப்பட்டி.
22.2.2026, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். பனியில் காதைக் கட்டிக்கொள். உதடு வெடித்தால் தேங்காய் எண்ணெய் தடவு.

ஒரு வாரமாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். கணக்கு நோட்டில் இருந்த பழைய தாளையும் எடுத்து கவருக்குள் வைத்தேன். முகவரி எழுதினேன். தபால் பெட்டி வரை போனேன். ஷாஹினா, "போடுறியா, இல்லையாடி?" என்று கேட்டாள். பெட்டியின் வாய்க்குள் பாதிக் கவர் போயிருந்தது. நீ சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது கண்முன்னால் வந்தது. இழுத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

அத்தை சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாய். வேறு அர்த்தம் இல்லை அண்ணா. சொன்னதுதான். உன் முறை வந்தால் நீயே போ.

அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அதனால் நின்றுவிட்டேன்.

நேற்று கல்லறைக்குப் போனேன். மாலை காய்ந்திருந்தது, எடுத்துப் போட்டேன். எழுத்துகளில் தங்கப் பூச்சு பூசியிருக்கிறார் பெரியப்பா. தூரத்திலிருந்தே தெரிகிறது. ஏழாவது வரியைக் கையால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கை சின்னது. முழுவதும் மறையவில்லை.

உன் கச்சருக்கு மைனா என்று வைக்காதே. சுந்தரி என்று வை. ஏன் என்று கேட்காதே, எனக்காக வை. அதற்குச் சட்டைப்பையில் கொஞ்சம் வெல்லம் வைத்துக்கொள். தினமும் சாயங்காலம் நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார். ஒரு ஆணியும் குறையாமல் இருக்க வேண்டும். நீ தூக்கினால் அது பேசாமல் காலைக் கொடுக்கும்.

அந்த ஆணியைத் தொலைத்துவிடாதே. ஒருநாள் நீ ஊருக்கு வரும்போது அதைப் பற்றி என்னிடம் கேட்பாய், நான் சொல்வேன்.

எழுதாமல் இருந்துவிடாதே.

உன் தங்கை,
ஐரின்